தலைப்புக்கு வெளியே

மீன்குழம்பை நீக்கினாள்.

குழம்பு நாகர்கோவில் செபாஸ்டினுடையது. புளி கூடிவிட்டதாம், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். கேட்ட இடம், தரவுத்தள நிரல் எழுதுகிறவர்களின் இணையக் குழு.

அவள் அதன் நிர்வாகி. ஏழு வருடங்களில் ஒரு குட்மார்னிங்கைக்கூட விட்டுவைத்தவள் இல்லை.

"பதிலு வந்துட்டு இருந்துச்சு மேடம்" என்று எழுதினார் செபாஸ்டின். "இங்க நாலு பேரு சாப்பிட உக்காந்திருக்கோம்."

அன்று குழுவே கொதித்தது.

சரி, தொலையட்டும் என்று 'வெட்டிப்பேச்சு' என்ற பெயரில் தனி அறை ஒன்றைத் திறந்துவிட்டாள். அதன் பொறுப்பைச் செபாஸ்டின் தலையிலேயே கட்டினாள்.

முதல் வாரம் பெரிய குழு கழுவித் துடைத்ததுபோல் இருந்தது.

இரண்டாம் வாரமும் அப்படியே இருந்தது.

மூன்றாம் வாரம் அவளே ஒரு கேள்வி கேட்டாள். அரை நாள் காத்திருந்தாள். அவளே பதிலும் சொன்னாள்.

ஒரு லைக் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, அடுப்பில் எதையோ வைத்துவிட்டு, அந்த அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள்.

ஒருவருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்தார்கள். ஒருத்தி மாமியாரோடு சண்டை போட்டுவிட்டுப் புதுச் செருப்பு வாங்கியிருந்தாள். இத்தனை வருடமாகப் பிழைச்செய்திகளை மட்டுமே அனுப்பிக்கொண்டிருந்த திருச்சி அன்வருக்கு இரட்டைப் பெண் குழந்தைகள்.

இரண்டாம் வகுப்பு படிக்கிறார்களாம்.

நடுவில் யாரோ தரவுத்தளக் கேள்வி ஒன்றும் கேட்டிருந்தார்கள். அவளுக்குக் கை பரபரத்தது. உதாரணங்களோடு நாற்பது வரி எழுதிப் போட்டாள்.

ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. காணாமல் போனது.

செபாஸ்டின் தனியே செய்தி அனுப்பினார்.

"தப்பா நெனைக்காதீங்க மேடம். அந்த விஷயமெல்லாம் பெரிய குழுவுல வச்சுக்கிடலாம். இங்க உங்க பேரப் பாத்தா ஆளுக பயந்துருவாவ."

அவளுக்குக் காது சூடானது.

அந்த அறையையே மொத்தமாக அழித்துவிட அவளால் முடியும். விரலை அந்தப் பொத்தான்மேல் கொண்டுபோனாள்.

சமையலறையிலிருந்து தீய்ந்த வாடை வந்தது.

ஓடினாள். அடுப்பை அணைத்தாள். மேடையெல்லாம் ஓடியிருந்ததைத் துடைத்தாள். ஈரக் கையோடு திரும்பி வந்து, கைபேசியை எடுத்தாள்.

அந்த அறையில் எழுதினாள்:

'பால் பொங்கி ஊற்றிவிட்டது.'

அனுப்பிவிட்டு, உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள்.