தலைவரின் சைலன்சர்

தொழிற்சங்கத் தலைவர் தரணிதரன் ஹட்டன் கராஜில் தன் ஜீப்புக்கு மூன்று சைலன்சர்களைப் பூட்டச் சொல்லிக் கேட்டுவிட்டார்.

"என்னப்பா, எல்லாம் தையல் மெஷின் மாதிரி கத்துது! ஜீப் வந்தா அதிகாரமா கேக்க வேணாமா?"

மெக்கானிக் மிலான் இன்னொன்றைப் பூட்டினான். ஜீப் அடிவயிற்றிலிருந்து உறுமியது. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த தனக்கே கனம் கூடியதுபோல் தலைவருக்கு உள்ளம் குளிர்ந்தது.

அதே உறுமலோடு பூண்டுலோயாப் பக்கத் தோட்டமொன்றுக்கு விரைந்தார். அங்கே வேலைநிறுத்தம் செய்து ரோட்டோரம் உட்கார்ந்திருந்த பெண்கள் மனம் தளராதபடி அவர் பேச வேண்டியிருந்தது.

வளைவு திரும்பினால் ரோட்டோரம் காலி. அத்தனை பேரும் தேயிலைக்குள் குனிந்து மளமளவென்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரும்மா ஒங்கள வேலைக்கு எறங்கச் சொன்னது?"

முன்வரிசையில் நின்ற டெல்சி நிமிர்ந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அட, நீங்களா தலைவரே! சத்தத்தக் கேட்டதும் தோட்டத்துத் தொரை வர்றாருன்னு காலு தானா ஓடிருச்சு."