ரப்பர் பால் ஒட்டிய பக்கம்

புத்தகத்தை முந்தானைக்குள் வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள் மங்களம்.

கிராணி வீட்டுப் படியில் சிறுமி முத்தம்மா முன்னால் நின்றாள். மங்களம் ஒரு படி கீழே, முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு. விடியலில் பால்மரம் சீவி, உச்சி வெயிலில் பாலை நிறுத்துப் போட்டு, வாளி கழுவிய கையோடு வந்திருந்தாள்.

புத்தகம் கெர்ட்ரூட் அம்மாவுடையது. தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் ஆம்புரோஸ் கிராணியின் மனைவி. ஈப்போவுக்குப் போகும்போதெல்லாம் கதைப் புத்தகம் வாங்கி வந்து, தோட்டத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இரவல் தருவாள். வீட்டுக்கு ஒன்று.

அவளுக்கு ஒரு வழக்கம். திருப்பிக் கொண்டுவரும் புத்தகத்தை உள்ளங்கையில் நிமிர்த்தி நிறுத்திப் பிடியை விட்டுவிடுவாள். எந்தப் பக்கம் விரிகிறதோ அதைப் பிள்ளை உரக்கப் படிக்க வேண்டும். படித்தால் அடுத்த புத்தகம் உண்டு.

கிழித்திருந்தால், அந்த வீட்டுக்கு அதோடு சரி.

இந்தப் புத்தகம் கிழிந்திருந்தது.

நடுப்பக்கம், மேலிருந்து கீழ்வரை. வாளியின் அடியில் தங்கிய ரப்பர் பாலை விரலால் வழித்து மங்களம்தான் ஒட்டினாள். கூலிகள் குடியிருக்கும் லயத்தில் பாய் கிழிந்தாலும் குடை கிழிந்தாலும் அதுதான் வைத்தியம். காய்ந்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாள். காய்ந்தது பழுப்பேறி, இரண்டு வரியை அப்படியே மூடிக்கொண்டது.

"வாங்க வாங்க. புஸ்தகத்தக் கொண்டாந்தீங்களா, இல்ல ஆட்டுக்குப் போட்டுட்டீங்களா?" கெர்ட்ரூட் சிரித்துக்கொண்டே வந்தாள். "ஏன் அம்மாவும் மவளும் இப்படி முழிக்கிறீங்க?"

மங்களம் சிரிக்கவில்லை. உள்ளறையில் நாற்காலி கிறீச்சிட்டது. கிராணி செக்ரோல் எழுதுகிறார். அதில் பேர் இருந்தால்தான் கூலி, லயத்தில் அறை. பேர்மேல் ஒரு கோடு கிழித்தால் இரண்டும் போயிற்று.

கெர்ட்ரூட் புத்தகத்தை வாங்கி, உள்ளங்கையில் நிமிர்த்தி நிறுத்திப் பிடியை விட்டாள்.

பால் காய்ந்த பக்கம் அட்டையாய் விறைத்திருந்தது. புத்தகம் சரியாக அங்கேயே விரிந்தது.

மங்களம் முக்காட்டை இன்னும் கீழே இழுத்துவிட்டாள்.

முத்தம்மா விரலை வைத்துப் படித்தாள். "தவளை... முதலையைப் பார்த்துச் சொன்னது. அண்ணே, எனக்கு நீந்தி... நீந்திக் கால் வலிக்கிறது. உங்கள் முதுகில்..."

நின்றுவிட்டாள். அடுத்த வரி பழுப்புக்குள் இருந்தது. நகத்தால் சுரண்டினாள். அது சவ்வு மாதிரி இழுபட்டது.

'கொஞ்சம் ஏறிக்கொள்ளட்டுமா'ன்னு சொல்லிடுடி. மங்களம் மனசுக்குள் கத்தினாள். நேத்து ரெண்டு பேரும் படிச்சதுதானே, சொல்லிடு.

முத்தம்மா மங்களத்தின் பக்கம் திரும்பினாள். கண் தளும்பியிருந்தது.

"அக்கா, இங்க எழுத்தே தெரியல."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

கெர்ட்ரூட் முத்தம்மாவைப் பார்க்கவில்லை. படியிறங்கி வந்து, மங்களத்தின் முக்காட்டை ஒரு விரலால் பின்னுக்குத் தள்ளினாள்.

உயரம்தான் பெரிய மனுஷி உயரம். முகத்துக்குப் பதினாலு வயதுகூடச் சொல்ல முடியாது.

"அம்மா எங்க?" குரல் கிசுகிசுப்பாக இறங்கியிருந்தது.

"போன தோட்டத்துல காய்ச்சல்ல போயிட்டாங்க."

"அப்பன்?"

"லூமுட் பக்கம் மீன் புடிக்கப் போனவரு. வரல." மங்களம் உள்ளறைக் கதவையே பார்த்தாள். "பெரிய ஆளாப் பேர் குடுத்தாத்தான் வேலையில சேர்ப்பாங்கன்னு எங்களக் கூட்டியாந்த சன்னாசிக் கங்காணி சொன்னாரு. இவளையும் என்னைய அம்மான்னு கூப்பிடச் சொன்னாரு. ஐயாகிட்ட சொல்லிராதீங்கம்மா."

கெர்ட்ரூட் கிழிசலைத் தடவினாள். "இது யாரு வேல?"

"நான்தான். இவ தரமாட்டேன்னுட்டா. புடுங்கினேன்."

"புடுங்குனியா?"

"முதலை என்ன சொல்லிச்சுன்னு தெரியணும்ல."

நாற்காலி நகர்ந்தது. செருப்புச் சத்தம் கிட்டே வந்தது.

"யாரு கெர்ட்ரூட் அங்க? ரொம்ப நேரமா குசுகுசுன்னு?"

கெர்ட்ரூட்டின் கை முக்காட்டைச் சட்டென்று நெற்றிவரை இழுத்துவிட்டது. புத்தகத்தை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"முத்தம்மாவும் அவ அம்மாவும்ங்க. புஸ்தகம் மாத்த வந்திருக்காங்க."

கிராணி கதவண்டை வந்து நின்றார். கையில் பேனா.

கெர்ட்ரூட் பெட்டியைத் திறந்தாள். ஒரு புத்தகத்தை முத்தம்மாவிடம் கொடுத்தாள். இன்னொன்றை எடுத்து மங்களத்தின் கையில் வைத்து அழுத்தினாள்.

"ஒரு பிள்ளைக்கு எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு பத்தலீங்க. வெரசாப் படிச்சு முடிச்சிடுது."

கிராணி மங்களத்தை மேலும் கீழும் பார்த்தார். மங்களம் தரையைப் பார்த்தாள்.

"படிக்கட்டும், படிக்கட்டும். நீ காலையில ஆள் எண்ணுறதுக்குள்ள வந்துரு."

செருப்புச் சத்தம் உள்ளே திரும்பிப் போனது.

மங்களம் முத்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். அவசரப்படவில்லை. இடுப்பு வலிக்கிற பொம்பளை மாதிரி, அடிமேல் அடி வைத்து, முதல் ரப்பர் மர நிரை மறைக்கும்வரை பெரிய மனுஷியாகவே நடந்தாள்.

மறைத்ததும் ஓடினாள்.