செம்பனைச் சாம்பல்

சிலிபின் மண்கலைச் சங்கத்தின் மின்சூளை தொண்ணூற்றெட்டு டிகிரி காட்டுகிறது. நூற்றுக்குக் கீழே வந்தால் திறக்கலாம். செயலாளர் தினேஸ்வரி தோல் கையுறையை மாட்டிக்கொள்கிறாள். வீரம்மா சன்னலோரம் நின்று கைத்துண்டை முறுக்குகிறார். ஆயர் தாவார் ஊரில் எரித்த, எண்ணெய் எடுத்த செம்பனைக் குலைகளின் சாம்பலைக் கரைத்து, முதன்முறையாகத் தம் கிண்ணத்துக்கு மெருகு பூசியிருக்கிறார். புதுப் பூச்சை அடித்தட்டில்தான் வைக்க வேண்டும் என்பது சங்கத்தின் வழக்கம். உருகி வழிந்தாலும் அடுத்தவர் பொருள் கெடாது. ஆனால் இம்முறை அடித்தட்டு முழுக்கச் சங்க உறுப்பினன் லூயிஸின் ஆறு வெள்ளைக் கோப்பைகள் இருந்தன. சனிக்கிழமை கண்காட்சிக்குப் போக வேண்டியவை. “மேல வைங்கக்கா, ஒன்னும் ஆவாதுலா,” என்று சொன்னவன் அவனேதான்.

மூடி எழுகிறது. காலை வெயில் உள்ளே இறங்குகிறது. கிண்ணம் பாசி நிறத்தில் பளபளக்கிறது. அதன் அடியிலிருந்து ஒரு பச்சைக் கோடு தட்டின் விளிம்புவரை ஓடியிருக்கிறது. தினேஸ்வரி மேல்தட்டைத் தூக்கி எடுக்கிறாள். கீழே ஐந்து கோப்பைகள் வெள்ளையாகவே இருக்கின்றன. ஆறாவதின் பிடியருகே ஒரு பச்சைச் சொட்டு கண்ணாடியாக உறைந்திருக்கிறது.

“ஐயோ லூயிஸ், கெடுத்துட்டேனே!” என்கிறார் வீரம்மா.

லூயிஸ் கோப்பையை வெளிச்சத்தில் திருப்புகிறான். சொட்டைக் கட்டைவிரலால் தடவுகிறான். மற்ற ஐந்தையும் பார்க்கிறான்.

“அந்தச் சாம்பல் இன்னும் இருக்காக்கா?”

“அரை வாளி இருக்கு.”

“அப்ப இந்த அஞ்சுக்கும் ஆளுக்கொரு சொட்டு விடுங்க. மொட்டையா நிக்குதுங்க.”