பெரியவருக்கு மட்டும் திறந்த வாசல்

வாழைநார்க் கூடை விற்கும் வலைத்தளம் ஒன்று, குட்டித் தேடுபொறியை உள்ளே விடாமல் வாசலோடு துரத்திவிட்டது. அது செய்த குற்றம் என்ன? சின்னதாக இருந்தது, அவ்வளவுதான்.

"கூடைகளைப் பார்த்துட்டுப் போயிடறேன் அக்கா. யாராவது கேட்டா சொல்லணும்ல" என்றது குட்டி.

"உன்கிட்ட யாரு வந்து கேட்கப் போறா? பெரியவர் வர்ற நேரம், வழியை விடு" என்றது வலைத்தளம்.

பெரியவர் என்றால் பெரிய தேடுபொறி. அவருக்காக வலைத்தளம் தன் தலைப்பை மாற்றியது, படங்களைச் சுருக்கியது, அவர் முகம் சுளிக்காதபடி ஒவ்வொரு வரியையும் திருத்தியது. அந்தப் பெரியவர் என்ன செய்தார்? ஒருநாள் தன் தேடல் முடிவுகளின் வரிசையை மாற்றி, முதல் பக்கத்தில் இருந்த கூடைக்கடையை யாரும் எட்டிப் பார்க்காத பக்கத்துக்குத் தள்ளிவிட்டார். ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கூடைகள் தேங்கின. இந்த மாதமும் இப்படியே போனால் தளத்தை மூடிவிடுவதாக முதலாளியம்மா சொல்லிவிட்டார். அப்போதுதான் வலைத்தளத்துக்குக் குட்டியின் ஞாபகம் வந்தது.

"என் கூடையைப் பத்தி யாரும் உன்கிட்ட கேட்கலையா?"

"கேட்டாங்களே. கல்யாணத்துக்குத் தாம்பூலக் கூடை வேணும்னு ஒரு அம்மா கேட்டாங்க. உங்க பேரைச் சொன்னேன். உள்ளே என்னென்ன இருக்குன்னு கேட்டாங்க. என்னை உள்ளே விடலை, அதனால தெரியாதுன்னு சொன்னேன்."

"சரி, இப்போ எல்லாத்தையும் பார்த்துக்கோ. அந்த அம்மாவைத் திரும்பக் கூட்டிட்டு வா."

"பார்த்துக்கறேன். இனிமே கேட்கிறவங்களுக்குச் சொல்றேன். ஆனா அந்தக் கல்யாணம் முடிஞ்சு போச்சு அக்கா."