சனிக்கிழமை பெஞ்ச்

“பாரு, இன்னைக்கும் வந்து உட்கார்ந்திருக்கா. வெட்கம்னு ஒண்ணு இருக்கா பாரு.”

பிரிக்பீல்ட்ஸ் மாதா கோயில் வாசலில் புது சாகா காரை நிறுத்தும்போதே தியாகராசா மனைவி பூமணியிடம் ஆரம்பித்துவிட்டார். பின்சீட்டிலிருந்து குதித்து ஞானோபதேச வகுப்புக்கு ஓடினான் ஜெரோம். அவர்களுக்கு ஒரே பிள்ளை.

அவர் சொன்னது மார்க்கிரட்டை. ஃபாதரின் ரூமுக்கு எதிரே கிடக்கும் பெஞ்சில், மடியில் ஒரு கச்சாங் கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

இதே வகுப்பில் படித்த வயதில் ஃபாதர் தன்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்று ரெண்டு மாதத்துக்கு முன்னால் போலீசில் ரிப்போர்ட் செய்தவள் அவள்தான். அன்றிலிருந்து கோயிலில் வேறு பேச்சே கிடையாது.

எந்தப் பக்கம் நிற்பது என்று பூமணிக்குத்தான் தெரியவில்லை. அவள் தாலியை ஆசீர்வதித்துக் கொடுத்தவர் ஃபாதர். ஜெரோமுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரும் அவரே. மார்க்கிரட்டையோ கவுன் போட்ட நாளிலிருந்து தெரியும், பொய் சொல்லுகிற பெண் இல்லை. ராத்திரி யோசித்தால் மனசு அவர் பக்கம் சாயும், விடிந்தால் இவள் பக்கம். யோசித்து யோசித்து மண்டை காய்ந்துபோயிருந்தது.

“நிசமா நடந்திருந்தா இந்தப் பக்கம் தலை வச்சுப் படுப்பாளா?” என்றார் தியாகராசா. “இவ என்னடான்னா வாராவாரம் கிள்ளான்லேருந்து பஸ் ஏறி வர்றா. கேஸ் குடுத்தவளுக்கு இங்க என்ன வேலை லா?”

அந்த ஒரு கேள்வி பூமணிக்கும் இடித்தது. நியாயம்தானே?

“நீங்க போங்க. நான் பாசாருக்குப் போயிட்டு அவனைக் கூட்டிட்டு வந்துடுறேன்.”

எல்லா அம்மாக்களும் அப்படித்தான். பிள்ளையை வகுப்பில் விட்டால் ஒரு மணி நேரம் கிடைக்கும், மீனும் காய்கறியும் வாங்கிவிடலாம். கோயிலில் விட்ட பிள்ளைக்கு என்ன பயம்?

ஆனால் அன்றைக்குக் கால் பாசார்ப் பக்கம் போக மறுத்தது. ரொம்ப நேரம் ரோட்டோரமே நின்று பார்த்தாள். பிறகு வெறுங்கூடையோடு திரும்பி வந்து பெஞ்சுக்கு முன்னால் நின்றாள்.

“மார்க்கிரட், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?”

“கேளுங்க ஆன்டி.”

“எத்தனையோ வருசம் ஆகிப்போச்சேம்மா. இனிமே கேஸ் நிக்குமா?”

“லாயர்கிட்ட நானும் அதைத்தான் முதல்ல கேட்டேன். போலீஸ் ரிப்போர்ட்டுக்குக் காலக்கெடு கிடையாது, எப்ப வேணும்னாலும் செய்யலாம்னாங்க. விசாரணை நடக்குது. சாட்சி தேடணும், மெதுவாத்தான் போகும்.”

“கோயில் பெரியவங்க பேசி முடிச்சுக்கலாம்னு கூப்பிட்டாங்களாமே?”

“கூப்பிட்டாங்க. வெளியில வாயே திறக்கக்கூடாதுன்னாங்க. முடியாதுன்னுட்டேன்.”

“அதுவரைக்கும் ஃபாதர்?”

“இங்கேயேதான். தீர்ப்பு வராம மாத்த முடியாதாம்.”

பூமணிக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது. இவ்வளவு நிதானமாகப் பேசுகிறவள் கதை கட்டுவாளா? கட்டவில்லை என்றால், இங்கே வந்து எப்படி உட்கார முடிகிறது?

“என் வீட்டுக்காரர் கேக்குறாரு, நானும் கேக்குறேன். நிசமா நடந்திருந்தா, உன்னால இங்க வர முடியுமா?”

மார்க்கிரட் மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்துப் பைக்குள் வைத்தாள். அதை இன்னும் பிரிக்கவே இல்லை.

“முடியலதான் ஆன்டி. கவுன்சலரும் இந்தப் பக்கம் போகாதேன்னுதான் சொல்றாங்க. வந்துட்டுப் போனா ரெண்டு நாளைக்குத் தூக்கம் வராது. இப்பத்தான் ஒழுங்கா சாப்பிடவே ஆரம்பிச்சிருக்கேன்.”

“அப்புறம் ஏன்மா வர்றே?”

பதில் வருவதற்குள் வகுப்பு விட்டுவிட்டார்கள். பிள்ளைகள் தள்ளிக்கொண்டு ஓடிவர, பூமணி தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். எல்லோரும் வந்தாகிவிட்டது, ஜெரோமை மட்டும் காணோம். உள்ளேயிருந்து ஃபாதரின் குரல் கேட்டது.

“ஜெரோம், நீ மட்டும் இரு. என் ரூமுக்கு வா, பூசையில வாசகம் படிக்கச் சொல்லித் தரேன்.”

மார்க்கிரட் எழுந்தாள். ரூம் கதவை மறைத்த மாதிரி போய் நின்றாள்.

ஜெரோமின் தோளில் கை போட்டபடி வந்த ஃபாதர், அவளைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

“சரி, நீ வீட்டுக்குப் போ. இன்னொரு நாள் பார்க்கலாம்.”

தூணுக்குப் பின்னால் நின்றவளை அவர் பார்க்கவில்லை. வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

ஜெரோம் அம்மாவைக் கண்டதும் ஓடிவந்து கூடையைப் பிடித்துக்கொண்டான்.

“நீ இங்கேயா இருந்தே? ஒவ்வொரு வாரமும் இப்படித்தான்மா. ஃபாதர் என்னை இருக்கச் சொல்வாரு, இந்த அக்கா வந்து நிப்பாங்க. உடனே போகச் சொல்லிடுவாரு.”

பூமணி மகனை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

மார்க்கிரட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கிள்ளான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

“ஏன் வர்றேன்னு கேட்டீங்களே ஆன்டி. எங்கம்மாவும் இந்த நேரத்துல பாசாருக்குத்தான் போயிருந்தாங்க. அன்னைக்கு இந்தப் பெஞ்சில யாருமே இல்ல.”