கெண்டைக்கால்

இன்னும் பதினைந்து மீட்டர்தான். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் இடது கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது.

ஈரத்துணியைப் பிழிவது போல் உள்ளே சதை முறுக்கியது. கால் விரல்கள் தானாகக் கீழே வளைந்தன. கத்தவும் முடியாது. கத்தினால் தேர்வு அதோடு முடிந்தது.

நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளர் வேலை. இருப்பது ஒரே இடம். கடைசிவரை தாக்குப்பிடித்தது இரண்டு பேர்: மாப்பிள்ளை, அப்புறம் அவனைவிட நாலு வயது சின்னவனான ஒல்லி.

ஒருவன் மூழ்குகிறவனாக நடிக்க வேண்டும், மற்றவன் இழுத்துக் கரை சேர்க்க வேண்டும். பிறகு இடம் மாற வேண்டும். எவன் சீக்கிரம் சேர்க்கிறானோ அவனுக்கு வேலை. ஒல்லி இழுத்து முடித்துவிட்டான். இப்போது மாப்பிள்ளையின் கையணைப்பில் மல்லாந்து, கண்ணை மூடி, பிணம் மாதிரி மிதந்து வருவது அதே ஒல்லிதான்.

மாப்பிள்ளைக்கு அந்தப் பெயர் வைத்தது அவன் மச்சான். ஆறு மாதமாக அவர் வீட்டில்தான் சாப்பாடும் தூக்கமும். மனுஷர் நல்லவர்தான். ஆனால் பகல் பதினோரு மணிக்கு, “மாப்பிள்ளை படுத்திருக்காரு, டிவியைக் குறைச்சு வைங்க” என்பார் பாருங்கள், அப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

இந்த வேலையை விடக் கூடாது.

ஒற்றைக் காலால் உதைத்தான். நகரவில்லை. மூக்கில் தண்ணீர் ஏறி எரிந்தது. கீழே கால் எட்டாத ஆழம்.

காலையில் உடை மாற்றும் அறையிலேயே ஒல்லி சொல்லியிருந்தான். தண்ணீர் குடித்துக்கொள்ளச் சொன்னான். சுவரில் கையை ஊன்றி, குதிகாலைத் தரையில் பதித்து, கெண்டைக்காலை நீட்டிவிடச் சொன்னான். போட்டிக்கு வந்தவன் புத்தி சொன்னால் யார் கேட்பார்கள்? வயிற்றை நிரப்பி வேகத்தைக் குறைக்கப் பார்க்கிறான் என்று நினைத்த மாப்பிள்ளை, ஒரு மடக்குகூடக் குடிக்காமல் குளத்தில் இறங்கினான்.

இப்போது அனுபவிக்கிறான்.

கை தளர்ந்தது. ஒல்லியின் காதுவரை தண்ணீர் ஏறியது. முகம் மூழ்கினால் தோல்வி. பிடியை விட்டால் பிழைத்துக்கொள்ளலாம், ஆனால் வேலை போய்விடும். விட மனமில்லாமல் அவனும் சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்தான்.

ஒல்லியின் உதடு அசையவே இல்லை. குரல் மட்டும் வந்தது.

“முட்டியை மடக்காதீங்கண்ணே. காலை நீட்டுங்க.”

தண்ணீருக்கடியில் ஒரு குதிகால் வந்து மாப்பிள்ளையின் பாதத்தில், விரல்களுக்குக் கீழே பதிந்தது. விரல்களை முழங்காலை நோக்கி மேலே தள்ளி அழுத்தியது.

உயிர் போய் உயிர் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு பத்துவரை எண்ணினான். எட்டிலேயே சதை இளக ஆரம்பித்தது.

அப்புறம் கரைவரைக்கும் ஒல்லியின் கால்கள் அடியில் சத்தமில்லாமல் உதைத்துக்கொண்டே வந்தன. பிணம் நீந்தியதை மேலே நின்று நேரம் குறித்துக்கொண்டிருந்த பயிற்சியாளர் கவனிக்கவில்லை.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நொடி வித்தியாசத்தில் வேலை மாப்பிள்ளைக்கு.

ஒல்லியிடம் மட்டும், முதல் சுற்றில் நன்றாக இழுத்து வந்துகொண்டிருந்தவன் நடுவில் ஏன் அப்படித் திணறினாய் என்று கேட்டார். மூச்சு வாங்கிவிட்டது என்றான் ஒல்லி.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். எதிரே ஒல்லியின் முழங்காலுக்குக் கீழே தோல் சிராய்த்துச் சிவந்திருந்தது. அந்த முதல் சுற்றில், மூழ்குகிறவனாக ஒல்லியின் கையில் மிதந்தபோது, நடுக்குளத்தில் யார் கண்ணிலும் படாமல் மாப்பிள்ளை தன் காலை மாட்டிப் பின்னால் இழுத்த இடம் அது. மாட்டியது, பிறகு இழுத்துக்கொண்ட இதே இடது கால்.

பயிற்சியாளர் கை நீட்டினார். சொல்லிவிடலாம் என்று மாப்பிள்ளை வாயைத் திறந்தான். மச்சான் வீட்டு டிவி ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு கையை நீட்டினான். வெட்கமாக இருந்தது. ஆனாலும் நீட்டினான்.

ஒல்லி துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே பக்கத்தில் வந்தான். அவன் முகத்தில் கோபமே இல்லை.

“ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி காலை நல்லா நீட்டிவிட்டுட்டுப் படுங்கண்ணே. இல்லேன்னா தூங்க விடாது.”