கைவசம் இன்னொன்று

"லினெட், இங்க வா. இதைப் பாரேன்."

ரஸ்ஸல் லேப்டாப்பை மனைவியின் பக்கம் திருப்பினான். பின்னால் டோஸ்ட் கருகிக்கொண்டிருந்தது அவன் மூக்குக்கு எட்டவில்லை.

கடலோர ஊரான பர்னியில் யாரோ வீட்டைக் காலி செய்கிறார்கள். விற்பனைக்கு வைத்த சாமான்களின் படத்தில், பூச்சாடிக்கும் ரேடியோவுக்கும் நடுவே அது இருந்தது. உள்ளங்கை அளவு இன்டர்நெட் கருவி. திரையைத் தள்ளினால் அடியிலிருந்து குட்டிக் கீபோர்டு வெளியே வரும். கம்பெனி அதைத் தயாரிப்பதை நிறுத்திப் பதினைந்து வருஷமாகிறது. இன்றைக்கும் அதற்காக ஏங்குகிறவர்கள் ஊருக்கு ஒருவர் உண்டு. லான்செஸ்டனில் அது ரஸ்ஸல்.

"இதேதான் உன் சட்டைப்பையில இருக்கே."

"இருக்கு. திடீர்னு அது போயிடுச்சுன்னா?"

"ஆறு வருஷமா போகலையே."

"அதான் பயமா இருக்கு. கைவசம் இன்னொண்ணு இருந்தா நிம்மதி."

"எனக்கும் ஒண்ணு கைவசம் பாத்து வெச்சிருக்கியா?"

"உன் மாடலை எப்பவோ நிறுத்திட்டாங்கம்மா" என்றான். பாத்திரம் துடைக்கும் துணி அவன் முகத்தில் வந்து விழுந்தது.

போன் செய்தான். எங்கேஜ்டு. இருபது நிமிஷமாக எங்கேஜ்டு. அதற்குள் வேறு யாராவது கிளம்பிவிட்டால்? கார் சாவியை எடுத்தான்.

டெவன்போர்ட் தாண்டியதும் வலது பக்கம் கடல் வந்தது. அவன் பார்க்கவில்லை. தனக்கு முன்னால் போகிற ஒவ்வொரு காரும் அதை வாங்கத்தான் போகிறது என்று தோன்ற, ஒவ்வொன்றாக முந்தினான். வாய் தானாகப் பாடிக்கொண்டு வந்தது.

கதவைத் திறந்த பெண்மணிக்கு எழுபது வயதிருக்கும். பெயர் நோரீன். கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள்.

"அந்தக் குட்டி மெஷினா? ஃப்ரிட்ஜ் மேல இருக்கு, எடுத்துப் பாரு கண்ணு."

கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. சார்ஜர்கூட இருந்தது. பொத்தானை அழுத்தினான். திரை கண் திறந்தது.

"எவ்வளவு வேணும்னாலும் குடுக்கறேன்."

"நாப்பது டாலர்தான். ஆனா அதைக் குடுக்கறதா வாக்குக் குடுத்துட்டேனே. காலையில ஸீஹன்லேர்ந்து ஒருத்தி பேசினா, தெல்மான்னு. அரைமணி நேரம் அவளோடதான் பேசிட்டிருந்தேன். வீட்டுக்காரருக்குத் தொண்டையில ஆபரேஷன் பண்ணிக் குரலே போயிடுச்சாம். இதுல தட்டினா இது வாய்விட்டுப் படிக்குமாம். கை வேற நடுங்குமாம், கண்ணாடித் திரை ஒத்துவரலை, பட்டன் இருந்தாத்தான் தட்ட முடியுமாம். சனிக்கிழமை பஸ் பிடிச்சு வர்றா."

ரஸ்ஸல் கருவியைக் கீழே வைக்கவில்லை. இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டு.

"என் தங்கச்சிக்கும் அதே கதைதான்" என்றான்.

சொன்ன பிறகுதான், தான் சொன்னது அவனுக்கே கேட்டது.

"உன் தங்கச்சிக்கா?"

"பக்கவாதம். பேச்சு வராது. மரியன்னு பேரு." பேர்கூடத் தடங்கலில்லாமல் வந்தது. "காகிதத்துல எழுதித்தான் காட்டறா. இதுக்காக ரெண்டு வருஷமா அலையறேன்."

நோரீன் ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இரு, நான் தெல்மாகிட்ட போன்ல ஒரு வார்த்தை கேட்டுடறேன்" என்று உள்ளே போனாள்.

கதவுக்குப் பின்னால் முணுமுணுப்பு கேட்டது. ரஸ்ஸலுக்குக் காது சுட்டது. அந்த மனுஷருக்கு வேறு எங்கேயாவது கிடைக்காமலா போகும் என்று சமாதானம் செய்துகொண்டான். ஆனாலும் கண் அந்தக் கதவை விட்டு நகரவில்லை. தனக்குக் கிடைக்குமா, கிடைக்காதா?

நோரீன் ஒரு சின்ன அட்டைப்பெட்டியோடு வந்தாள். கருவியையும் சார்ஜரையும் பழைய செய்தித்தாளில் சுற்றி உள்ளே வைத்தாள்.

"எடுத்துக்கோ."

அவனுக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. நாற்பது டாலரைக் கொடுத்துவிட்டு, பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வாசல்வரை போனான். அங்கே போய்த்தான் கேட்க மனசு வந்தது.

"தெல்மா ஒண்ணும் வருத்தப்படலையே?"

"அவ யோசிக்கக்கூட இல்லை. 'எங்ககிட்ட இருக்கிறது இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு நோரீன். திடீர்னு அது போயிட்டா என்ன பண்றதுன்னுதான் இன்னொண்ணு கேட்டேன். பாவம், அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணுகூட இல்லையே. அவளுக்கே குடுத்துடு'ன்னா."

ரஸ்ஸல் நின்றான்.

"பேட்டரி ஒண்ணு தனியா வெச்சிருக்காளாம். அதையும் மரியனுக்குத் தபால்ல அனுப்பறாளாம்." நோரீன் பேனாவை எடுத்துக்கொண்டாள். "தங்கச்சி விலாசம் சொல்லு கண்ணு."

அணைத்திருந்த பெட்டியை மார்பிலிருந்து இறக்கினான்.

"தெல்மா விலாசத்தைக் குடுங்க" என்றான். "ஸீஹனுக்கு ரெண்டு மணி நேரம்தானே. இதை இப்பவே கொண்டுபோய்க் குடுத்துடறேன்."

"அப்போ மரியனுக்கு?"

"எனக்குத் தங்கச்சியே கிடையாதுங்க."